போலி என்னும் பெயர் பெற்ற பரிவு
அரபு இல்லங்களின் ‘முஸவ்வரா’ உணவுகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

அரபுக் கல்லூரிகளில் அகராதி பார்க்கும் பயிற்சி இன்றியமையாத ஒன்று. அத்தகைய வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். ‘முஸவ்வர்’ என்னும் சொல் இன்றைய அரபுச் செய்தித்தாள்களில் கள்ள நோட்டையும் போலி ஆவணத்தையும் குறிக்கிறது. அவ்வாறிருக்க, பழைய மருத்துவ நூல்களில் காய்ச்சல் கண்டவனுக்கு ‘முஸவ்வரா’ கொடுக்குமாறு எழுதப்பட்டுள்ளதே, நோயாளிக்குப் போலியை ஊட்டுவது எங்ஙனம் முறையாகும் என்பதே அவரது வினா. இறைச்சி சேர்த்துச் சமைக்கும் வழக்கமான உணவை, இறைச்சியின்றி அதே சுவையில் சமைத்தால் அதற்கு அப்பெயர் என்று அப்போதைக்குச் சுருக்கமாக விடையளித்தோம். வகுப்பு முடிந்தது, ஆனால் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. மருத்துவர் எமக்கு இறைச்சியை விலக்குமாறு அறிவுறுத்தியிருந்த ரமளான் மாதம் அது. கொத்துக்கறி இல்லாத நோன்புக் கஞ்சியை எமது துணைவியார் ஆக்கி வைத்திருந்தார். நோன்பு திறந்து முதல் வாய் பருகியதுமே, “இது கஞ்சியன்று, கஞ்சியின் போலி” என்று கூறிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதே கஞ்சியைத்தான் வைத்தார். வகுப்பில் மாணவர் கேட்ட வினா, வீட்டில் நாம் உதிர்த்த அச்சொல்லை எமக்கே திருப்பிக் காட்டிற்று. இறைச்சியில்லா மாற்றுணவைப் போலி என்று அழைத்த அரபு மொழி அதனை இழித்துரைத்ததா என்பதை ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

சொல்லின் இரு முகங்கள்

ஸா, வாவ், ரா என்னும் மூன்று மூல எழுத்துகளிலிருந்து பிறப்பது ‘ஸூர்’. பொய் என்பது இதன் பொருள். பொய்யுரையை விலக்குமாறு ஹஜ் அத்தியாயத்திலும், இறையடியார்களின் பண்பைக் கூறுமிடத்து ஃபுர்கான் அத்தியாயத்திலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. பொய்ச் சாட்சியத்திற்கு ‘ஷஹாதத்துஸ் ஸூர்’ என்பதே சட்டநூல்களின் வழக்கு. ஆகவே ‘தஸ்வீர்’ என்றதும் மோசடி என்ற பொருளே நம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

எனினும் இச்சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூர் தமது ‘லிஸானுல் அரப்’ பேரகராதியில், ஒன்றைச் சீர்செய்து செப்பனிடுதலும் தஸ்வீரே என்ற பொருளைப் பதிவு செய்கிறார். அந்தச் செப்பம் நன்மைக்காகவும் இருக்கலாம், தீமைக்காகவும் இருக்கலாம் என்பது முன்னைய மொழியறிஞர் இப்னுல் அஃராபியின் விளக்கம். இதற்குச் சான்றாக ஸகீஃபா நிகழ்ச்சியைக் கொள்ளலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபின் அன்ஸாரிகள் கூடிய அவைக்குச் சென்றபோது, அங்கே பேசுவதற்கென நல்லதோர் உரையைத் தமது உள்ளத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததாக உமர் (ரலி) அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள அச்செய்தியில் அவர்கள் ஆண்ட வினைச்சொல் ‘ஸவ்வர்த்து’ என்பதாகும். பொய் கலந்தேன் என்பது அங்கே பொருளன்று; எண்ணிச் செம்மைப்படுத்தினேன் என்பதே பொருள்.

ஒரே வேரிலிருந்து மோசடியும் பிறக்கிறது, கவனமான செப்பமும் பிறக்கிறது. முஸவ்வரா என்னும் உணவு இவ்விரண்டுள் எதன் பிள்ளை என்பதை அடுப்படியின் வரலாறுதான் கூறவேண்டும்.

மதீனாவின் வெள்ளிக்கிழமைப் பானை

முஸவ்வரா என்ற பெயர் நூல்களில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பண்பு மதீனாவில் இருந்திருக்கிறது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று புகாரியில் உள்ளது. மதீனாவில் ஒரு பெண்மணி தமது நிலத்தின் வாய்க்கால் ஓரங்களில் ‘ஸில்க்’ பயிரிட்டு வந்தார். இது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த, தண்டு தடித்த ஒருவகைக் கீரை. வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கிளறியெடுத்துப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துத் தூவிச் சமைப்பார். ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் தோழர்கள் அவருக்கு ஸலாம் உரைப்பர். அவர் அந்த உணவைப் பரிமாறுவார். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று தாங்கள் காத்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) கூறுகிறார்கள்.

இச்செய்தியில் ஒரு சொல் நம் கருத்தைக் கவர்கிறது. அந்தக் கீரைத் தண்டுகள் அவ்வுணவின் ‘அர்க்’ ஆக அமைந்தன என்கிறார் அறிவிப்பாளர். அர்க் என்பது இறைச்சி பற்றிய எலும்பு. பானையில் இறைச்சி இருக்கவேண்டிய இடத்தை ஸில்க் தண்டு நிரப்பியது என்பது இதன் கருத்து. மற்றோர் அறிவிப்பில், அவ்வுணவில் கொழுப்போ நிணமோ இல்லை என்ற குறிப்பும் உண்டு. இல்லாததை இல்லை என்று சொல்லிக்கொண்டே, அதன் இடத்தை நிரப்பியதற்கு மதிப்பளிக்கும் நினைவுகூரல் இது. பிற்காலத்து முஸவ்வராவின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

நோயாளிக்கான பத்திய உணவிற்கும் ஸில்க்கே சான்றாகிறது. நபி (ஸல்) அவர்களும் அலி (ரலி) அவர்களும் உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது அங்கே பேரீச்சங் குலைகள் தொங்கின. நோயிலிருந்து அப்போதுதான் தேறிவந்த அலி (ரலி) அவர்கள் அதை உண்ண முற்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர் அப்பெண்மணி ஸில்க்கும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்து வைக்க, அதுவே அலி (ரலி) அவர்களுக்கு ஏற்றது என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இது காணப்படுகிறது. விலக்கிய கையே மாற்றையும் சுட்டிக்காட்டியது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

மூன்றாவது சான்று துயர வீட்டிலிருந்து வருகிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் உறவினரில் எவரேனும் இறந்தால், கூடிய பெண்கள் கலைந்து சென்று வீட்டாரும் நெருங்கியோரும் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவைக் காய்ச்சிய கஞ்சி அது. பாலைப் போன்ற வெண்மையால், பால் எனப் பொருள்படும் ‘லபன்’ என்ற சொல்லை ஒட்டி இப்பெயர் பெற்றது. பின்னர் ரொட்டியைப் பிய்த்து ‘ஸரீத்’ செய்து, அதன்மேல் தல்பீனாவை ஊற்றி உண்ணச் செய்வார்கள். நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்துத் துயரத்தில் ஒரு பகுதியைத் தல்பீனா போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் சொல்வார்கள். ஸரீத் என்பது அரபியர் பெரிதும் விரும்பிய உணவு. இறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டியே அதன் வழக்கமான வடிவம். துயர வீட்டிலோ அந்த இறைச்சிச் சாற்றின் இடத்தில் கஞ்சி ஊற்றப்பட்டது. உணவின் உருவம் பழகியது, உள்ளீடு மென்மையானது. மனம் நொந்தவருக்கு வேண்டுவது இதுவே என்பதை அந்த இல்லம் அறிந்திருந்தது.

பக்தாதின் அடுப்படி

அப்பாஸியர் காலத்து பக்தாதில் இப்பண்பு ஒரு கலையாக வளர்ந்தது. அதற்குரிய தலையாய ஆவணம் ஹிஜ்ரி நான்காம் (கி.பி. பத்தாம்) நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’. 132 அத்தியாயங்கள் கொண்ட இச்சமையல் நூல் 1987இல் ஹெல்சின்கியில் அச்சேறியது. நவால் நஸ்ருல்லாஹ்வின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல் வெளிவந்தது. கலீஃபாக்களின் விருந்துணவுகளைப் பேசும் இந்நூல், முஸவ்வராக்களுக்கும் இடமளிக்கிறது. நோன்பு நாட்களில் கிறிஸ்தவர் உண்பவை, நோயாளிகள் உண்பவை என இருவகை முஸவ்வராக்கள் அதில் கூறப்படுகின்றன.

இவ்விரு சாராரும் ஒன்றாகப் பேசப்படுவதற்கு அந்நகரின் சமூக அமைப்பே காரணம். அன்றைய பக்தாதின் புகழ்பெற்ற மருத்துவர்களில் பலர் கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள். புக்தீஷூ குடும்பத்தார், கி.பி. 857இல் மறைந்த யூஹன்னா இப்னு மாஸவைஹ், கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஆகியோர் கலீஃபாக்களின் நம்பிக்கைக்கு உரியவர்களாக விளங்கினர். ஈஸ்டருக்கு முந்திய நெடிய நோன்பில் அவர்கள் இறைச்சி உண்பதில்லை. நோன்பிருந்த அண்டை வீட்டார் இறைச்சியின்றிச் சமைத்ததும், மருத்துவர் நோயாளிக்கு இறைச்சியின்றிச் சமைக்கச் சொன்னதும் ஒரே பெயரில் ஒரே நூலில் இடம்பெற்றன. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அர்ராஸி உணவுகளின் நன்மைகளையும் அவற்றின் தீங்கை நீக்கும் வழிகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நூலிலும் முஸவ்வராக்கள் பேசப்படுகின்றன.

இம்மருத்துவர்கள் இறைச்சியை வெறுத்தவர்கள் அல்லர் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். உடலுக்கு வலுவூட்டுவதில் இறைச்சிக்கே அவர்கள் முதலிடம் கொடுத்தனர். காய்ச்சலின் வெப்பத்தில் இருக்கும் உடலுக்கு அது கனமானது என்பதே அவர்களின் கருத்து. ஷாம் நாட்டுக் கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி (கி.பி. 973–1057) உயிர்களுக்கு ஊறு செய்யக்கூடாது என்ற எண்ணத்தால் இறைச்சியை மட்டுமன்றிப் பாலையும் முட்டையையும் தேனையும் துறந்தார், அதன்பொருட்டு எகிப்தின் ஃபாத்திமியத் தலைமை அழைப்பாளருடன் கடிதப் போரும் நடத்தினார். அவரது வழி துறவு. முஸவ்வராவின் வழி அதுவன்று. அது ஆகுமாக்கப்பட்டதை விலக்கவில்லை. அதை உண்ண இயலாதவர் பழகிய சுவையை இழந்துவிடாதிருக்க வழி தேடியது.

அவ்வழி எளிமையானது. அன்றைய பக்தாத் உணவுகளின் பெயர்களை உற்று நோக்கினால் அதன் சூட்சுமம் புலப்படும். ஸுமாக் என்னும் புளிப்புக் கனி சேர்ந்தது ‘ஸுமாக்கிய்யா’. மாதுளைச் சாறு சேர்ந்தது ‘ருமானிய்யா’. பழுக்காத திராட்சையின் சாறு சேர்ந்தது ‘ஹிஸ்ரிமிய்யா’. ‘ஸிக்பாஜ்’ என்ற பாரசீகப் பெயரிலும் முன்நிற்பது காடியே. இவை யாவும் இறைச்சி உணவுகள். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் இறைச்சியால் பெயர் பெறவில்லை. நம் இல்லங்களில் புளியாணம் புளியால் பெயர் பெற்றது போன்றதே இதுவும். இறைச்சியை எடுத்துவிட்டாலும் பெயருக்குரிய புளிப்பு பானையில் எஞ்சி நிற்கிறது. கொழுப்பின் இடத்தை வாதுமை எண்ணெயோ நல்லெண்ணெயோ நிரப்பும். கனத்தை வாதுமைப் பருப்பும் பயறும் கொண்டைக்கடலையும் கொடுக்கும். சுரைக்காயும் பசலையும் இறைச்சித் துண்டுகளின் இடத்தில் அமரும். முட்டையே சேராத ‘உஜ்ஜா’ எனும் முட்டை அடையைக் கூட, வெந்து மசிந்த கொண்டைக்கடலையும் வெங்காயமும் கொண்டு ஆக்கினர். புளிப்பைக் காத்தல், கொழுப்பை மாற்றுதல், கனத்தை ஈடுசெய்தல் என்னும் இம்மூன்றும் ஆயிரமாண்டு கடந்த பின்னும் மாறாத சமையல் விதிகளாகும்.

கிந்தியும் முஹ்தஸிபும்

ஆயினும் இக்கலைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. ‘அரபியரின் தத்துவஞானி’ எனப் போற்றப்பெற்ற யஃகூப் அல்கிந்தியின் (மறைவு சுமார் கி.பி. 873) நூல்களைப் பட்டியலிடும் இப்னுந் நதீம், உணவுகளை அவற்றிற்குரிய மூலப்பொருள் இன்றியே சமைப்பது பற்றிய சிற்றேடு ஒன்றையும் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில், சந்தைக் கண்காணிப்பு அதிகாரியான முஹ்தஸிபுக்குக் கையேடு எழுதிய அஷ்ஷைஸரி (கி.பி. 12ஆம் நூற்றாண்டு), கிந்தியின் அவ்வித்தைகளைச் சுட்டிக்காட்டுகிறார். இறைச்சியில்லா இறைச்சிக் குழம்பு, ஈரலில்லா ஈரல் வறுவல், முட்டையில்லா முட்டை அடை என அப்பட்டியல் நீள்கிறது. ஆனால் செய்முறையைக் கூற அவர் மறுத்துவிடுகிறார். தீயோர் அதைக் கற்றுச் சந்தையில் மக்களை ஏமாற்றிவிடுவர் என்ற அச்சமே காரணம். கோதுமையும் இறைச்சியும் குழைத்துச் செய்யும் ஹரீஸாவை விற்போரைக் கண்காணிக்கவும் அவரது நூலில் தனி அத்தியாயம் உண்டு.

ஒரே பானை, ஒரே பொருள்கள். வீட்டில் அது மருந்து. சந்தையில் அது மோசடி. இரண்டிற்கும் இடையிலான கோடு எது? தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மேலே வைத்திருந்தால் மக்கள் கண்டிருப்பார்களே என்று வணிகரைக் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. ஈரமன்று, ஈரத்தை மறைத்ததே அங்கு குற்றமாயிற்று. அதுபோன்றே இங்கும், இறைச்சி இல்லாமை குறையன்று. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே குற்றம். சந்தைக்காரன் தன் போலிக்கு உண்மையின் பெயரைச் சூட்டி விற்றான். இல்லத்தரசியோ தன் உண்மையான உழைப்புக்குப் போலி என்ற பெயரையே வெளிப்படையாகச் சூட்டிப் பரிமாறினாள். தன்னைப் போலி என்று தானே அறிவித்துக்கொள்ளும் ஒன்று எவரையும் ஏமாற்றுவதில்லை. ஆகவே முஸவ்வரா, ‘ஸூர்’ என்ற பொய்யின் வழியில் வந்ததாயினும், உமர் (ரலி) அவர்கள் ஆண்ட செப்பம் என்ற பொருளுக்கே நெருங்கியது என்பது எமது துணிபு.

பெயர் மாறி வாழ்ந்தவை

இந்த வெளிப்படைத்தன்மை பிற்காலத்திலும் மறையவில்லை. துருக்கியர் திராட்சை இலையில் அரிசியும் மணப்பொருளும் பொதிந்து, ஆலிவ் எண்ணெயில் இறைச்சியின்றிச் செய்யும் உணவு ‘யலாஞ்சி’ எனப்படுகிறது. பொய்யன் என்பது அத்துருக்கிச் சொல்லின் பொருள். சிரியாவிலும் அப்பெயர் அப்படியே வழங்குகிறது. லெபனானில் இறைச்சி இல்லாத ‘குப்பா’ ஒன்றுக்கு, துயருற்றது எனப் பொருள்படும் ‘ஹஸீனா’ என்று பெயர். கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளிக்கிழமையன்று அதை உண்பர். பொய்யன் என்றாலும் துயருற்றது என்றாலும் ஆண்டுதோறும் அவற்றை விரும்பிச் சமைக்கின்றனர்.

மாற்று, மூலத்தையே மறக்கச் செய்ததும் உண்டு. ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி எழுதிய சமையல் நூலின் கைப்படியைத் தாவூத் சலபி 1934இல் மோஸுலில் பதிப்பித்தார். ஏ. ஜே. ஆர்பெரி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, 1939இல் அதை வெளியிட்டது நமது ஹைதராபாதின் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ காலாண்டிதழ் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அந்நூலில் ‘முஜத்தரா’ என்ற உணவு உள்ளது. சோற்றினிடையே மைசூர்ப் பருப்பு அம்மைத் தழும்பு போலத் தோன்றுவதால் வந்த பெயர் அது. பக்தாதி கூறும் முஜத்தராவில் இறைச்சி உண்டு. இன்றோ பாலஸ்தீன், சிரியா, லெபனான் இல்லங்களில் அரிசியும் பருப்பும் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் மட்டுமே முஜத்தரா. அதில் இறைச்சி எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஏழையின் மாற்றுணவே மரபாகிவிட்டது.

நம் இல்லத்து அடுப்பு

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்து வருகிறது. ஆட்டெலும்பு சேர்த்த தால்சா நம் விருந்துகளின் அடையாளம். பிற சமய அன்பர்கள் அமரும் பந்திக்கென எலும்பின்றிக் கத்தரிக்காயும் மாங்காயும் வாழைக்காயும் இட்டுச் செய்யும் தால்சா இன்று பல திருமணங்களில் இயல்பாகிவிட்டது. மாங்காயின் புளிப்பும் பருப்பின் கனமும் இருக்கும்வரை அது தால்சாதான். பக்தாதின் விதி இங்கும் பொருந்துகிறது.

நோன்புக் கஞ்சியும் அவ்வாறே. கொத்துக்கறி அதன் ஓர் உறுப்பேயன்றி உயிரன்று. நொறுக்கிய அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்து, இஞ்சி பூண்டு விழுதும் மல்லி புதினாவும் மணக்க, இறுதியில் தேங்காய்ப்பால் சேரும்போதே கஞ்சி கஞ்சியாகிறது. கறியின் கொழுப்பு விட்டுச்சென்ற இடத்தைத் தேங்காய்ப்பாலும், கனத்தைப் பருப்பும் ஏற்றுக்கொள்கின்றன. கறி சேராத கஞ்சியைப் புலால் உண்ணாத அண்டை வீட்டாருக்கும் தூக்குப்பாத்திரத்தில் கொடுத்தனுப்பலாம் என்பது கூடுதல் நன்மை. பள்ளிவாசல் வாயிலில் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையில் சமயம் பார்க்கும் வழக்கம் நமக்கு என்றுமே இருந்ததில்லை.

வீட்டில் ஒருவருக்கு ஓர் உணவு விலக்கப்படும்போது, அவருக்கெனச் சுவையற்ற வேறொன்றைத் தனியே வைத்துவிடுவது எளிது. எல்லாரும் உண்பதையே அவரும் உண்ணுமாறு மாற்றிச் சமைப்பதற்குச் சிந்தனையும் பொறுமையும் வேண்டும். நோயாளியைக் குடும்பத்தின் உணவு விரிப்பிலிருந்து பிரித்துவிடாத அந்தச் சிந்தனையே, ஸில்க் தண்டைச் சமைத்த மதீனத்துப் பெண்மணி முதல் பெயர் தெரியாத பக்தாத் இல்லத்தரசிகள் வரை தொடர்ந்து வந்துள்ளது. நூல்களை எழுதியவர்கள் ஆண்கள். கரண்டியைப் பிடித்தவர்களில் எத்தனையோ பேர் பெயரின்றியே மறைந்தனர்.

மாணவரின் வினாவிற்கு இப்போது முழுமையான விடையைக் கூறிவிட்டோம். எமது துணைவியாருக்கு உரிய விடையும் இதுவே. நாம் போலி என்றோம். அரபு மொழியறிஞர் விளக்கத்தின்படி அது தவறான சொல்லன்று, நாம் அதைக் கூறிய தொனியே தவறு. அக்கஞ்சி எமக்காக எண்ணிச் செம்மைப்படுத்தப்பட்டது. அடுத்த ரமளானை அடையும் பேற்றை அல்லாஹ் அருள்வானாயின், அதே கஞ்சியை அதே பெயரால், ஆனால் நன்றியோடு கேட்டு வாங்கிப் பருகுவோம்.